ரூபாய்க்கு எத்தனை படி?

1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நெற்களஞ்சியமான தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. அலுவலகம் வந்தது, அரிசி விலைதான் இறங்கி வரவில்லை. ஆளும் காங்கிரஸ் ஐந்தாண்டுத் திட்டங்களையும் அணைகளையும் கணக்குக் காட்டியது. அணைக்கட்டை உலையில் போட முடியாது என்று கட்சிக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும். தி.மு.க. சுருக்கமாக ரூபாய்க்கு மூன்று படி என்றது: மூன்று லட்சியம், ஒன்று நிச்சயம். 1967 தேர்தலில் (இந்தி எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள) முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரிலும், படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்றதாகச் சொல்லப்படும் காமராஜர் விருதுநகரிலும் தோற்றனர். தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும், நிச்சயமான அந்த ஒரு படி முதலில் சென்னைக்கும் கோவைக்கும் போனது. நெல்லை விளைவித்த தஞ்சாவூர் அந்தப் பட்டியலில் இல்லை.