நடையியல்

தலைப்பைப் பார்த்து மொழிநடை பற்றிய நூல் என்று உள்ளே வந்த தமிழ்ப் பேராசிரியர்கள் இப்போதே திரும்பிவிடலாம். இது காலை நடை பற்றியது. நடந்தபின் என்ன தின்றார்கள் என்பதும் கூடவே ஆராயப்படும். பாயிரத்துக்குச் சொல்லப்பட்ட எட்டில் சிலவற்றை மட்டும் தருகிறேன். எல்லை: மயிலாப்பூர் லஸ் பகுதி நாகேஸ்வர ராவ் பூங்காவின் மேற்கு வாசல் முதல் எதிர்ச்சாரி டிபன் கடை வரை. பயன்: இரத்தச் சர்க்கரை குறைதல். கேட்போர்: இதுவரை யாருமில்லை. ஆக்கியோன் நான், உரை செய்தவர் என் மனைவி. மூலமும் உரையும் முட்டிக்கொள்ளும் இடங்களைச் சமாதானம் செய்யாமல் விட்டிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான்.

இடச்சிறப்பு ஒன்று சொல்லவேண்டும். பூங்கா யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தக் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கியவர். வலித்தைலக்காரர் பெயரில் நடைபாதை. முதல் நாள் உற்சாகத்தில் எட்டுச் சுற்று நடந்து, மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்கியவர்களுக்கு இந்தப் பொருத்தம் விளக்காமலே புரியும்.

முந்து நூல்கள் உண்டு. பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று எட்டாகப் பிரித்தார். அன்னமும் பசுவும் முதல் தரம். கடைசி நான்கும் கடைத்தரம். வாங்கியதையெல்லாம் ஒழுகவிட்டுவிடும் ஓட்டைக்குடத்தைப் பூங்காவில் தினம் பத்துப் பேர் வடிவில் பார்க்கலாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, ஆறாவது மனம் என்றது. சிக்கலே அங்கேதான். லஸ் சர்ச் சாலையில் விடியலில் நடக்கிற மாட்டுக்கு ஐந்தறிவு. அது ஊக்கம் வேண்டி யார் சொற்பொழிவையும் கேட்பதில்லை. படுக்கையில் புரண்டு, மழை வருமோ என்று யோசித்து, வந்தால் தேவலை என்று முடிவுக்கு வருவது ஆறாவது அறிவின் வேலை.

இனி வகைகள்.

நாள் பார்ப்போர் முதல் வகை. சனவரி 1, சித்திரை 1, பிறந்தநாள், மகள் கல்யாணம் முடிந்த மறுநாள், எதுவும் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை. நாள் பார்ப்பது மூடநம்பிக்கை இல்லை. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-ல் எழுதிய ஆய்வு, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்றவற்றுக்குப் பின் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போவதைக் காட்டியது. அமெரிக்கரிடம் பஞ்சாங்கம் இல்லாததால் அவர்களுக்குத் தெரியாதது ஒன்று: நம் ஆண்டில் தொடங்கக்கூடாத நாட்களும் உண்டு. ஆடியில் எதுவும் தொடங்கக்கூடாது. புரட்டாசி முடிந்தால் தீபாவளிப் பலகாரம். அப்புறம் ஐப்பசி மழை. மார்கழிப் பனி நெஞ்சுக்கு ஆகாது. பொங்கல் கழியட்டும். பங்குனியில் வெயில் ஆரம்பம். ஆக, தொடங்க உகந்த நாள் தை மாதத்தில் ஒன்றிரண்டு தேறும்; அன்று யார் வீட்டிலாவது கல்யாணம் இருக்கும்.

முன்பணம் கட்டினோர் அடுத்தவர். பணம் போனால் கால் தானே போகும் என்பது இவர்கள் கொள்கை. டெல்லாவிக்னா, மல்மெண்டியர் என்ற பொருளியலாளர் இருவர் 2006-ல் இதைக் கணக்குப் போட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர் சராசரியாக 4.3 முறைதான் போயிருக்கிறார். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. அதே இடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர். நான் ஓர் ஆண்டுச் சந்தா கட்டி ஒன்பது நாள் போனவன். வகுத்துப் பார்க்க மனம் வரவில்லை; உரையாசிரியர் வகுத்துப் பார்த்து, விடையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்.

எண்ணுவோரைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நாளுக்கு 10,000 அடி என்பது இவர்களுடைய வேதம். அது எந்த மருத்துவக் குழுவும் கூடி முடிவு செய்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்; பெயர் நின்றுவிட்டது. இரவு 11.40-க்கு 9,200 என்று காட்டினால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பவர் இவரில் உத்தமர். சீரியல் பார்த்துக்கொண்டே கடிகாரம் கட்டிய கையை ஆட்டுபவர் இவரில் கடைநிலை. எட்டு வடிவில் நடப்போரை இதன் கிளையாகக் கொள்வாரும் உண்டு. அவர்கள் அடியை எண்ணுவதில்லை, எண்ணையே நடக்கிறார்கள் என்பதால் நான் தனியே வைக்கிறேன்.

அச்சத்தார் பெருங்கூட்டம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் – இந்தியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது, ஆகவே இவ்வகைக்கு ஆள் பஞ்சம் வராது. பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்த மறுநாள் விடியலில் இவர்களைப் பார்க்கவேண்டும். நடை, ஓட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வாசலில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு, முளைகட்டிய பயறு மூன்றையும் அடுத்தடுத்து உள்ளே தள்ளுவார்கள். இந்த அச்சத்தின் ஆயுள் மூன்று வாரம்.

பின்பு அச்சம் திரும்புவது அடுத்த பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு. இந்த உட்பிரிவை 'முந்திய நோன்பினர்' என்று பெயரிட்டிருக்கிறேன். இரண்டு நாளும் காலையில் கஞ்சி, இரவில் வெள்ளரிக்காய், இனிப்பின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு ஏமாறும். 'மூன்று மாத ஆவரேஜ்' என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி ஏமாறாது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. இரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். போன மாதக் கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்ட ஜாங்கிரிக்கும் அதில் பதிவு உண்டு. எனக்கு ஒருமுறை பாஸ்டிங் 118, ஆவரேஜ் 8.1 வந்தது. டாக்டர் இரண்டு எண்களையும் பேனா முனையால் மாறி மாறித் தொட்டு, "ரெண்டு நாளா ரொம்ப ஒழுக்கமா இருந்தீங்க போலிருக்கு" என்றார்.

உரை: "ரெண்டு நாளில்லை, ஒன்றரை நாள். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பக்கோடா."

கைம்மாறு கொள்வோர் என்ற வகைக்கு நூலின் நடுநாயகமான இடம் தருகிறேன். நாலு சுற்று நடந்துவிட்டு நேரே எதிர்ச்சாரிக் கடைக்குப் போவோர் இவர். வியர்வை காயாத சட்டை, கழுத்தில் துண்டு. இலைத்துண்டு விரித்த தட்டில் பொங்கல் வருகிறது. நடுவில் குழித்து நெய், ஓரத்தில் இரண்டு முந்திரி, மேலே சாம்பார் ஊற்றிய இடத்தில் மிளகு மிதக்கிறது. வடை கேட்காமலே வரும். சர்வருக்கு முகம் தெரியும். "சட்னி இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் குரலில் குற்ற உணர்வு துளியும் இராது, 'நடந்தாச்சே' என்ற நிறைவுதான் இருக்கும். இத்தனைக்கும் நடுத்தர எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 50 கலோரி. வடை ஒன்றே இரண்டு கிலோமீட்டரைத் தின்றுவிடும். பொங்கலுக்கு மகாபலிபுரம் பக்கம் போகவேண்டியிருக்கும். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று மட்டும் கறாராகச் சொல்வார். அதுதான் இவ்வகையை இனம் காண உறுதியான அடையாளம்.

உணவுநெறியாரை இதே மேசையில் காணலாம். "நான் சாதம் தொடுறதே இல்லை" என்பவர் தட்டில் ஆறு இட்லி இருக்கும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்து ஆவியில் வேகவைத்தால் அரிசித்தன்மை நீங்கிவிடும் என்பது இவர்கள் தருக்கம். "ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன், வெறும் டிபன்தான்" என்பாரும் இதில் அடங்குவர். டிபன் என்பது குருமாவுடன் நாலு சப்பாத்தி. பேலியோ அலையில் காலையில் நூறு பாதாம் எண்ணித் தின்றோர், சிறுதானிய அலையில் வரகில் பிரியாணி செய்தோர், பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்து மீதி எட்டு மணி நேரத்தில் நிலுவையைத் தீர்ப்போர் என்று கிளைகள் விரியும். விரிப்பின் பெருகும்.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. நம் ஆட்களுக்கு மன உறுதியே கிடையாது என்று இதுவரை சொன்னதாகப்படும். அப்படியானால் மாலை போட்ட சாமிமார்களை எங்கே வைப்பது? எங்கள் தெருவில் அயர்ன் கடை வைத்திருக்கும் தம்பி, டீயும் பஜ்ஜியும் ஒருநாள் விடாதவர், கார்த்திகை பிறந்தால் 41 நாள் விடியலில் பச்சைத்தண்ணீரில் குளித்து, செருப்பில்லாமல் நடந்து, தரையில் படுத்து, புகையும் குடியும் கறியும் தொடாமல் இருக்கிறார். எந்தச் செயலியும் அவருக்கு மணியடிக்கவில்லை. பழக்கம் ஒட்ட 21 நாள் என்ற பேச்சு மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது நடுவாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18, நீளமான கணிப்பு 254. நம் மண்டலக் கணக்கு, 48 என்று கொண்டால் லாலிக்குப் பக்கம், 41 என்று கொண்டால் மால்ட்ஸுக்குச் சற்றுப் பக்கம்.

ஆனால் நாள் கணக்கு மேலோட்டம். அந்தத் தம்பியிடமே கேட்டேன், பஜ்ஜி ஞாபகம் வராதா என்று. "கறுப்பு வேட்டியோட போய் டீக்கடையில நின்னா அவரே குடுக்க மாட்டாரு சார். 'சாமி, பழம் சாப்பிடுங்க'ம்பாரு. வீட்டுல அம்மா தனி அடுப்பு. இதுல நான் எங்க மீறுறது?" ஊக்கம் அவருக்குள் இருப்பதாக நான் நினைத்திருந்தேன், டீக்கடைக்காரரிடம் பாதி, அம்மாவின் அடுப்பில் பாதி இருந்தது. மாலையைக் கழற்றிய அன்றே பிரியாணி என்பதும் இதற்குச் சான்றுதான். கறுப்பு வேட்டி போனதும் தெரு தன் காவலை விலக்கிக்கொள்கிறது.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் பூங்காவில் நீடிப்போர் யார் என்பது விளங்கும். மேற்கு வாசலுக்குள் மூன்றாவது பெஞ்சுக்காரர்கள். ஓய்வுபெற்ற தாசில்தார், அச்சகம் வைத்திருந்தவர், இரண்டு வாத்தியார்கள். பதினோரு வருடமாக வருகிறார்கள். இவர்களில் யாருக்கும் உடல்நலத்தில் விசேஷ அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. தாசில்தாருக்கு முந்தைய நாள் கிரிக்கெட் பற்றி யாரையாவது திட்டியாகவேண்டும், அவ்வளவுதான். மூன்று சுற்று நடை, அரைமணி பேச்சு. ஒருவர் வராவிட்டால் 5.50-க்குப் போன்: "சார், கேட்டுல நிக்கிறோம். உடம்பு எப்படி?" உடம்பு நன்றாக இருக்கிறது, தூக்கம்தான் என்று சொல்ல நாக்கு எழாது. இவர்களுக்குக் 'காத்திருப்பாரை உடையோர்' என்று பெயர். அன்னத்தோடு சேர்க்கலாமா என்றால், பசுவோடு சேர்ப்பது பொருத்தம். நின்று மேய்வார்கள், அசைபோடுவார்கள், நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

உரையாசிரியர் இந்த இடத்தில் நீண்ட குறிப்பு எழுதியிருக்கிறார். "நூலில் பெண்கள் எங்கே? மாடிக்கும் கீழுக்கும் தண்ணிக் குடத்தோட ஏறி இறங்கறது, மார்க்கெட்டுக்குப் போய் ரெண்டு பையோட வர்றது, இதெல்லாம் எந்த வகை?" உலக நலவாழ்வு நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று 2020-ல் சொன்னபோது வீட்டு வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அந்தக் கணக்குப்படி உரையாசிரியர் வாரத்தின் ஒதுக்கீட்டைச் செவ்வாய்க்கிழமையே முடித்துவிடுகிறார். நூலாசிரியர் இதைப் புறனடையில் சேர்க்க ஒப்புக்கொண்டார். உரையாசிரியர் புறனடையில் இடம் வேண்டாம் என்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.

அதே குறிப்பின் அடியில், சிறிய எழுத்தில்: "இந்நூல் சரியாக ஒரு மண்டலத்தில் எழுதப்பட்டது. எழுதிய நேரம் தினம் காலை ஐந்தரை முதல் ஆறரை. அந்த நேரத்தில் நூலாசிரியர் எங்கே இருந்திருக்கவேண்டும் என்பதை வாசகர் ஊகிக்க. பக்கத்தில் தட்டில் முறுக்கு."

முறுக்கு என்பது இடைச்செருகல். தட்டை. மூன்று. இதற்கு மேல் மறுப்பு எழுத நேரமில்லை, மணி 5.50, போன் அடிக்கிறது. தாசில்தாராகத்தான் இருக்கும்.