டிரெசர் ஐயா படிக்காத கோர்ஸ்

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா டிரெசராக இருந்தார். அறுபதுகளில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர்தான் டாக்டர், கம்பவுண்டர், கணக்கப்பிள்ளை; சமயத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்தும் அவரே. டாக்டர் எப்போதாவது காரில் வந்து, பேரேட்டில் கையெழுத்துப் போட்டு, துரையோடு தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். யாரைக் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாருக்கு வெறும் மிக்ஸ்சர் என்பதெல்லாம் அப்பா முடிவு. நடுராத்திரியில் பிரசவம் சிக்கலானால் லாரிக்காரர் வீட்டுக் கதவை அவரே போய்த் தட்டுவார்.

ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. பெரட்டுக்கு வராதவனுக்கு அப்பா சீக்குச் சீட்டு எழுதினால் துரை முகம் கடுக்கும். பால் வெட்ட ஆள் குறைந்த மாதங்களில் சீட்டும் குறைந்தது. தெர்மாமீட்டர் அப்பா கையில். எத்தனை டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்பது துரை வாயில்.

அதே கிள்ளானுக்கு 1901-இல் அரசாங்க டாக்டராக வந்தவர் மால்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து அப்போது நாலே வருஷம். ஊரே காய்ச்சலில் கிடந்தது. அந்த வருஷம் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமையும் மலேரியா படுத்தியது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைக்கப் பணம் கேட்டார், கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. பிற்பாடு அவர் சர் மால்கம். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு என்ன பட்டம் கிடைத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தலைமைத்துவப் பயிற்சி எதற்கும் வாட்சன் போனதாகவும் தெரியவில்லை.

நான் போனேன். ஒரு மருத்துவமனை நிருவாகப் பிரிவில் இருந்தபோது (பெயர் வேண்டாமே), மூன்று நாள் ஹோட்டலில், அதிகாரப் பரவலாக்கம் பற்றிப் பட்டறை. தினமும் நாலு முறை தின்னக் கொடுத்தார்கள். ஸ்ட்ராக்களை ஒட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். எங்கள் குழுவின் கோபுரம்தான் உயரம். ஆளுக்கொரு பேனா பரிசு. திரும்பி வந்தால் வார்டில் டியூப் லைட் போயிருந்தது. அதை மாற்ற மூன்று பாரம். என் இடத்தில் 'பரிந்துரைக்கிறேன்' என்று மட்டும் அச்சடித்திருந்தது. 'அனுமதிக்கிறேன்' கையெழுத்து வேறொரு கட்டடத்தில், வேறொரு ஊரில். பேனா நன்றாகத்தான் எழுதியது.

இப்போது பயிற்சிக்குப் போவது என் அக்கா மகளின் முறை. சுகாதார அமைச்சின் நிருவாகப் பயிற்சிக் கழகம் முன்பு பங்சாரில், பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது செத்தியா ஆலாமுக்குப் போய்விட்டது, கிள்ளான்காரர்களுக்குத்தான் வசதி. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து, 2023-இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையை எனக்கு விளக்கினாள்.

"ஆஸ்பத்திரிங்களுக்கே இனி கூடுதல் அதிகாரம் வருமாம், மாமா."

"டியூப் லைட்?"

"இன்னும் பாரம்தான். ஆனா ஆன்லைன்."

ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா அந்த லாரிக்கு யார்கிட்ட அனுமதி வாங்குவாரு?"

"லாரிக்காரர் பெண்டாட்டிகிட்ட. அந்தம்மாதான் கதவைத் திறக்கும்."