கேட்டீங்க, சொல்றேன்: ஹூவர் அணையும் இங்கினியாகலையும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிற மகன் ஹூவர் அணைக்கு முன்னால் நின்று படம் அனுப்பியிருக்கான். பதிலுக்கு அனுப்ப நம்ம பக்கத்தில் என்ன இருக்கு?
(வாசகி, சம்மாந்துறை)

பதில்: இங்கினியாகலை அணைக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்க, உம்மா. நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் நடுவில் 1930களில் ஹூவர் அணையைக் கட்டிய கம்பனிக் கூட்டில் மொரிசன்-நட்சனும் ஒன்று. ஐடாஹோ மாநிலத்துக் கம்பனி. அதே கம்பனிதான் 1949இல் நம்ம கல்லோயா ஆற்றை மறித்து அணை கட்ட வந்தது. ஒரே கொத்தன் கட்டிய ரெண்டு வீடு என்று மகனுக்குச் சொல்லுங்க.

கேள்வி: கல்லோயாத் திட்டத்துக்கும் டெனசிக்கும் தொடர்பு என்று சேர் சொன்னார். உண்மையா?
(மாணவன், கல்முனை)

பதில்: உண்மைதான் தம்பி. ரூஸ்வெல்ட் காலத்தில், 1933இல், டெனசிப் பள்ளத்தாக்குக்கு ஓர் அதிகார சபை அமைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1949இல் இங்கே கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. டெனசியில் நோரிஸ் அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டு எழும்பின. இங்கே கல்லோயாவுக்குப் பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் சொன்ன பெயரே மங்கிப்போனது. வயலுக்குத் தண்ணீர் வந்தது, அந்த நன்மையை மறுக்கமாட்டேன். காணி யாருக்கு என்ற பகையும் கூடவே வந்து, 1956 ஜூனில் அந்தத் திட்டப் பகுதியிலேயே இரத்தம் சிந்தியது. சேரிடம் இந்தப் பாதியையும் கேளுங்க.

கேள்வி: வெளியூர் ஆட்கள் வந்தால் வீரமுனையில் எதைக் காட்டுவது?
(வாசகர், வீரமுனை)

பதில்: சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலை. சீர்பாததேவி கப்பலில் கொண்டுவந்த பிள்ளையார் என்ற கதையைச் சொல்லுங்க. 1990 ஆகஸ்ட் 12ஐயும் சொல்லுங்க. அந்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் அன்று கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால், 3ஆம் திகதி, காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கு. அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1963இல் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். அந்தத் தேவாலயம் இன்று தேசிய நினைவிடத்தின் ஒரு பகுதி. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் நடந்ததை நடந்தபடி சொல்கிறார்கள். நாமும் வீரமுனை, காத்தான்குடி ரெண்டு இடத்தையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

கேள்வி: கல்முனையில்?
(அதே வாசகர்)

பதில்: கடற்கரைப் பள்ளி. கொடியேற்றத்தின்போது வாங்க. நாகூர் ஆண்டகை என்ற இறைநேசரின் பெயரிலுள்ள பள்ளி அது. அவர் பெயரில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும்கூட தர்கா உண்டு. கடலோடிகள் போன வழியெல்லாம் அவர் பெயரும் போயிருக்கு.

கேள்வி: யெல்லோஸ்டோனுக்குப் போய்க் கரடி பார்க்க ஆசை. காசில்லை.
(வாசகர், காரைதீவு)

பதில்: இங்கினியாகலை அணைக்கட்டால் உருவான சேனநாயக்க சமுத்திரத்துக்குப் போங்க. விடியற்காலையில் படகில் ஏறுங்க. தூரத்தில் கரும்பாறை ஒன்று மிதப்பதுபோலத் தெரியும். கிட்டப் போனால் பாறைக்கு முன்னால் ஒரு தும்பிக்கை நீருக்கு மேலே நிமிர்ந்து மூச்சு வாங்கும். தீவுக்குத் தீவு யானை நீந்திப் போகிற குளம் அது. அந்தக் குளத்தின் நீரேந்து காட்டைக் காக்கத்தான் 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா வந்தது.

ஆனால் யெல்லோஸ்டோனிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கு. ஒரு காலத்தில் அங்கே கரடிகள் குப்பைக் குழியில்தான் தின்றன. சனம் அதைச் சுற்றியிருந்து வேடிக்கை பார்த்தது. 1970இல் பூங்காவுக்குள் இருந்த கடைசிக் குழியையும் மூடினார்கள். பழகிய தீனி போனதில் முதலில் பல கரடிகள் செத்தன. அதற்காகக் குழியைத் திரும்பத் திறக்கவில்லை. கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டி வைத்தார்கள், தீனி போடுவதைத் தடுத்தார்கள். 1975இல் 136 என்று மதிப்பிட்ட கிரிஸ்லிக் கரடிகள் அந்த வட்டாரத்தில் இன்று 700ஐத் தாண்டிவிட்டன.

நம்ம அம்பாறைப் பக்கத்துப் பள்ளக்காட்டில் யானை இன்னும் குப்பைமேட்டில் நிற்கிறது. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் கண்டது பொலித்தீன், சாப்பாடு சுற்றிய தாள், தண்ணீர். வழக்கமாக யானை தின்கிற எதுவும் உள்ளே இல்லை. அந்த மேட்டுக்குப் போவது சுற்றுவட்டாரத்து ஊர்களின் குப்பை, நம் அடுப்படியில் தொடங்குகிற குப்பை.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இங்கினியாகலைக்குப் போறோம். என்ன கொண்டு போகலாம்?
(வாசகி, நிந்தவூர்)

பதில்: சோற்றை வாழையிலையில் கட்டுங்க, மகள். தண்ணீருக்கு வீட்டுப் போத்தல். திரும்பும்போது கொண்டுபோனதெல்லாம் பையில் இருக்கா என்று எண்ணிப் பார்த்துட்டு வண்டியில் ஏறுங்க.