தோட்டாவின் வாயை மூடுவது எப்படி?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், சுட்டு முடித்த 12 போர் தோட்டாக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்தும் ரவையும் அடைக்கிறார். “வாய் சரியா மூட மாட்டேங்குது, நடுவுல ஓட்டை விழுது” என்று போனில் புலம்பல். என்ன சொல்ல?
– வாசகர், முனிர்கா

பதில்: வீட்டில் மோதகம் பிடிக்கிறவரைக் கேட்கச் சொல்லுங்கள். பூரணம் மிஞ்சினால் சொப்பின் வாய் மூடாது. குறைந்தால் மடிப்பு உள்ளே அமுங்கும். தோட்டாவும் அப்படித்தான். அடியில் தீப்பொறி தரும் கேப்பு, அதன்மேல் மருந்து, பிறகு பிளாஸ்டிக் தக்கை, உச்சியில் ஈய ரவை. இந்த அடுக்கு உயர்ந்துவிட்டால் வாயில் ஓட்டை விழுந்து ரவை கசியும். தாழ்ந்துவிட்டால் வாய் குழியும்.

உயரத்தைச் சரிக்கட்ட மருந்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. கூடு, கேப்பு, தக்கை, மருந்து, ரவை ஐந்தையும் ஒரே கூட்டணியாகச் சோதித்து வெடிமருந்துக் கம்பெனிகள் பட்டியல் வெளியிடுகின்றன. சரிவரவில்லை என்றால் பட்டியலில் உள்ள வேறொரு கூட்டணிக்கு முழுசாக மாற வேண்டும்.

அடுத்து, மச்சானை மடிப்பை எண்ணச் சொல்லுங்கள். சில கூடுகளுக்கு 6, சிலவற்றுக்கு 8. எட்டு மடிப்புக் கூட்டை ஆறு மடிப்பு அச்சில் அழுத்தினால் பழைய தடமும் புதுத் தடமும் இழுபறி செய்து வாய் கோணிவிடும். பலமுறை சுட்ட கூடாக இருந்தால் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். மயிரிழை கீறல் தெரிந்தாலும் அது குப்பைக்குத்தான்.

கேள்வி: வாய் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன?
– வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: உயிர் போகும் அம்மா. அந்த மடிப்பு ஒரு நொடியின் துளி நேரம் தாக்குப்பிடித்தால்தான் மருந்து முழுசாக எரியும். தளர்ந்திருந்தால் மருந்து அரைகுறையாக எரிந்து, ‘டமார்’ என்பதற்குப் பதில் ‘டொப்’ என்று கேட்கும். தக்கை குழலிலேயே சிக்கியிருக்கலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடிக்கும், சுடுகிறவரின் இடது கை அங்கேதான் இருக்கிறது. சத்தம் மாறினால் நிறுத்து, தோட்டாவை எடு, குழலுக்குள் பார். இதை மச்சான் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டட்டும்.

கேள்வி: தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருக்கிறது. தோட்டாவை அளந்தால் 60-ஐக்கூடத் தொடவில்லையே, மோசடியா?
– வாசகர், வசந்த் விகார்

பதில்: இல்லை. அது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். மடிப்பு பிரிவதற்குத் துப்பாக்கியின் அறையில் இடம் வேண்டுமே!

கேள்வி: முனிர்காவில் என் மாடி அறையில் நானும் இதைச் செய்து பார்க்கலாமா?
– வாசகர், முனிர்கா

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் உதிரிப் பாகமும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட ‘தோட்டா’ என்ற கணக்கில்தான் வரும். உரிமமில்லாமல் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், சுவரோடு சுவர் ஒட்டிய முனிர்கா சந்துகளில் ஒரு வீட்டில் மருந்து பற்றினால் அது பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்துத்தான் சுடும். மச்சான் ஊரில் சட்டம் வேறு, வீட்டுக்கு வீடு இடைவெளியும் வேறு.

கேள்வி: அப்படியானால் இந்த ஆசையை என்ன செய்வது?
– அதே வாசகர்

பதில்: ஆசையில் தப்பே இல்லை. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் பிரிவில் குழுத் தங்கம் வென்றார், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். பறக்கும் களிமண் தட்டைச் சுடுவதுதான் டிராப். அதில் ஒரு தோட்டாவுக்கு 24 கிராம் ரவை. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் சுடுதளம் உங்கள் தில்லியில், துக்ளகாபாத்தில்தான் இருக்கிறது. முனிர்காவில் மெட்ரோவின் மெஜந்தா லைன் ஏறி, கால்காஜி மந்திரில் வயலட் லைனுக்கு மாறி, துக்ளகாபாத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். முதல் நாள் கையை வீசிக்கொண்டு போய்ப் பயிற்சியாளரிடம் பேசிவிட்டு வாருங்கள். தோட்டா ஆலையில் தயாரானதாகவே இருக்கட்டும்.