காப்பி குடித்தலும் காப்பி அடித்தலும்: ஓர் ஒலிநூல் ஆய்வு

சென்ற மாதம் ஓர் இரவு, சாப்பாட்டு வேளையில், இவ்வாய்வாளனின் வீட்டில் விளக்குகள் அணைந்தன. "பீஸ் போயிருச்சு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தேன். "எந்த பீஸுங்க? போன வாரமே ஸ்கூல்ல கட்டியாச்சே" என்றாள் அடுக்களையிலிருந்த இல்லாள். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாமியார் மகளைப் பார்த்து, "மாப்பிள்ளை தட்டுல பீஸ் விழலையாடி?" என்றார். மின்சாரப் பெட்டியில் எரிந்துபோகும் கம்பி, பள்ளிக்கூடம் வாங்கும் பணம், குழம்பில் மிதக்கும் கறித்துண்டு ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். தமிழ் வீட்டுக்குள் வந்ததும் மூன்றும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு இருட்டில் நின்றன. எது போயிருக்கிறது என்று கண்டறிய மெழுகுவத்தி தேவைப்பட்டது. அந்த வெளிச்சத்தில் தொடங்கியதே இந்த ஆய்வு.

இத்துறையின் முதல் நூல் தொல்காப்பியம். அதன் ஆசிரியர் ஆங்கிலம் கேட்டதில்லை என்பது குறையாகாது. ஆங்கிலம் கேட்ட பலர் இன்னும் புரிந்துகொள்ளாததை அவர் அப்போதே சொல்லிவிட்டார். வடசொல் தமிழுக்குள் வருவதானால் வட எழுத்தை வெளியே விட்டுவிட்டு வரலாம் என்பது அவர் ஏற்பாடு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல. சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து நிற்கலாம், கடைசியில் எது நிற்கலாம் என்பதையும் மொழிமரபில் வகுத்து வைத்தார். பின்னால் நன்னூலில் பவணந்தி முனிவர் சில சலுகைகள் தந்தார். 1856-இல் ராபர்ட் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில், தமிழின் வல்லெழுத்து சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும், இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டால் குழைந்துவிடும் என்று எடுத்துக்காட்டினார். 'பாட்டு' உறுதியாக நிற்க, 'பாடு' இளகிவிடுவது இதனால்தான். இம்மூவருக்குப் பிறகு இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி செய்தவர்கள் பஸ் கண்டக்டர்கள்.

எனவே களப்பணி மதுரை மாட்டுத்தாவணியில் நடந்தது. காலை ஆறு முதல் எட்டு வரை, வடையுடன். அங்கே கிடைத்த சான்றுகளிலிருந்து இவ்வாய்வாளன் யாத்த நூற்பா வருமாறு:

ஒற்றில் முடியும் ஊரார் சொல்லெலாம்
உகரக் குடைபிடித்து உள்நுழை யும்மே.

இதன் உரை: க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறுக்கும் தமிழ்ச் சொல்லின் கடைசி இருக்கையில் உட்கார உரிமை கிடையாது. உகரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆகவே லைட் லைட்டு ஆயிற்று, சீட், சீட்டு, கேட், கேட்டு. "வாட்ச்மேனைக் கேட்டு கேட்டுக்குள்ள போ" என்பதில் முதல் கேட்டு வினையெச்சம், இரண்டாவது கேட்டு இரும்பு. பஸ் என்பதும் பஸ்ஸு ஆகிறது. இதைக் கேட்டுச் சிரிக்கும் கனவான்களுக்கு ஒரு தகவல். 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வாலை நறுக்கி எடுத்ததுதான் பஸ். அந்த வால் அங்கே நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. அதாவது ஆங்கிலேயர் சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு உருபை மட்டும் ரோட்டில் ஓட்டுகிறார்கள். தலையில்லாமல் வந்த அந்த உருபுக்கு நாம் ஓர் உகரத்தைப் போட்டு மரியாதை செய்கிறோம்.

ரோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. வீடு, வீட்டில், காடு, காட்டில், ரோடு, ரோட்டில். நெடில்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமை ஏற்கும்போது டகரம் இரட்டிக்க வேண்டும் என்ற விதியை ரோடு ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடிக்கிறது. யாரும் அதற்குப் பாடம் எடுக்கவில்லை. முதல் எழுத்து ரகரம் என்ற ஒரு வில்லங்கத்தை விட்டுவிட்டால் அது முழுக் குடியுரிமை பெற்ற சொல்.

அடுத்து வருவது, இவ்வாய்வின் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு. வகர மெய் உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிர்களோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. ஆங்கிலேயரிடமிருந்து தேர்தல் வந்தது. அதோடு வோட் என்ற சொல்லும் வந்தது. தமிழர் அதை ஓட்டு என்றார்கள். வகரத்தைக் காணோம். எந்த அரசாணையும் போடப்படாமல், எந்தக் கட்சியும் தீர்மானம் நிறைவேற்றாமல், பட்டிதொட்டியெல்லாம் ஒரே நேரத்தில் ஓர் இலக்கண விதியைப் பின்பற்றியிருக்கிறது. கட்சி வேறுபாடின்றி தமிழர் ஒற்றுமையாக இருந்த இடம் என்று இந்த வகரக் கேட்டைத்தான் காட்ட முடியும். ஆங்கில உட்டுக்கும் இதே கதி நேர்ந்ததால்தான் உட்லண்ட்ஸ் ஓட்டல் தமிழில் உகரத்தோடு நிற்கிறது. ஆனால் உரித்த வகரத்தை நாம் வீணாக்கவில்லை. வேண்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்து 'வோன்லி' என்கிறோம். யகரத்தையும் அவ்வாறே தானம் செய்து 'யெம்மெல்லே' ஆக்கினோம். கணக்கு சரியாகிவிட்டது.

இனி, கொச்சை என்று வகுப்பறையில் பழிக்கப்படும் 'டேசன்' பற்றி. ஸகரமும் டகரமும் தோளோடு தோள் நின்று சொல்லைத் தொடங்குவதைத் தமிழ் நாக்கு ஒப்பாது. அதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, முன்னால் ஓர் இகரத்தைக் காவலுக்கு நிறுத்தி இஸ்டேசன், இஸ்கூல் என்பது. மற்றது, ஸகரத்தைத் தூக்கி எறிவது. முதல் வைத்தியத்தை பீகாரிலும் செய்கிறார்கள். பஞ்சாபில் நடுவில் உயிரைச் செருகி சகூல் என்பார்கள். லத்தீனத்துப் பள்ளிச்சொல்லான ஸ்கோலாவை ஸ்பானியர்கள் எஸ்குவேலா ஆக்கியதும் இதே முறைதான். பிரெஞ்சுக்காரர் முன்னால் ஓர் எகரத்தையும் வைத்து, பிறகு ஸகரத்தையும் எறிந்து, எகோல் என்றார்கள். இரண்டு மருந்தையும் ஒன்றாகக் குடித்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது வைத்தியத்தைக் கவனியுங்கள். ஸ்தலம் தலம் ஆனது. ஸ்தூபி தூபி ஆனது. ஸ்தோத்திரம் தோத்திரம் ஆனது. இவற்றைச் சொல்பவரைச் செந்தமிழ்ப் புலவர் என்று சால்வை போர்த்துகிறோம். அதே அறுவைச் சிகிச்சையை அதே இடத்தில் செய்து 'டேசன்' என்று சொன்னவரைப் பட்டிக்காட்டான் என்கிறோம். இருவருக்கும் இடையே இருக்கும் ஒரே வேறுபாடு சால்வை. (டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற விதியை டேசன் மீறுவதை இவ்வாய்வாளன் அறிவான். அதை இவ்விடத்தில் பேசுவது ஆய்வுக்கு உதவாது.)

தொல்காப்பியர் செந்தமிழ் நாட்டைச் சூழ்ந்த பன்னிரண்டு நிலங்களைக் குறிப்பிடுகிறார். இந்த ஆய்வுக்குக் கிடைத்த நிதி, அதாவது இல்லாள் கொடுத்தது, மதுரைக்குப் போய்வரப் போதுமானதாக இருந்தது. கோவையில் எந்த ஆங்கிலச் சொல்லும் 'ங்க' இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்பதையும், நெல்லையில் 'லே' என்று முடித்தால் பஸ்ஸு சீக்கிரம் வருவதாக ஒரு நம்பிக்கை இருப்பதையும் கேள்வியளவில் குறித்துக்கொண்டு கடல் கடக்கிறோம்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதிய கடிதம் இங்கே முதன்மைச் சான்று. 'நான் இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். ரிவியில கிரிக்கெற் பாக்கிறன்' என்றிருந்தது. ரொறன்ரோவைத் தேடி இவ்வாய்வாளன் நிலப்படத்தில் ரகர வரிசை முழுவதையும் பார்த்தான். ருவாண்டாவும் ருமேனியாவும் இருந்தன. பிறகு அவரே தொலைபேசியில் ஊர்ப்பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது, கனடாவின் டொரண்டோ. அதைவிடக் கசப்பான உண்மை, அவர் உச்சரிப்புதான் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எழுத்தில் பார்த்தால் அவர் பிழை, காதில் கேட்டால் நாம் பிழை.

இதற்குக் காரணம் நாக்கின் விலாசம். ஆங்கிலத்து டி மேற்பல்லுக்குச் சற்று மேலே உள்ள மேட்டில் பிறக்கிறது. தமிழின் பழைய றகர இரட்டைக்கும் அதுதான் இடம். யாழ்ப்பாணமும், மலையாளமும், மலையாளத்தை ஒட்டிய குமரி மாவட்டமும் அந்த மனையை விற்காமல் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பெரும்பகுதியார் காற்றைக் 'காத்து' ஆக்கினோம், மேடையேறினால் 'காட்ரு' ஆக்கினோம். மேட்டைக் காலி செய்துவிட்டோம். ஆகவே ஆங்கில விருந்தாளி வந்தபோது நமக்கு அந்த விலாசத்தில் வீடு இல்லை. நாக்கை இன்னும் பின்னே மடித்து டகரத்தில் குடிவைத்தோம். அவர்களோ நேராக றகரத்தில் இறக்கி லைற், மார்க்கற் என்று எழுதினார்கள். மலையாளிகள் டிக்கெட்டின் முதல் எழுத்தை நம்மைப்போலவும் கடைசி எழுத்தை யாழ்ப்பாணத்தாரைப்போலவும் எழுதி இரு தரப்பையும் திருப்திப்படுத்துகிறார்கள்.

உயிரெழுத்திலும் இந்த மல்லுக்கட்டு உண்டு. அங்கே டொக்டர், கொலிஜ், கொம்பனி. இங்கே டாக்டர், காலேஜ், கம்பெனி. உதட்டைக் குவிக்கும் லண்டன்காரருக்கு யாழ்ப்பாணத்து டொக்டர் உறவு. வாயைத் திறந்துவிடும் அமெரிக்கருக்கு நம் டாக்டர் உறவு. விசா கிடைப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே நாம் அமெரிக்க உச்சரிப்பைப் பெற்றுவிட்டோம்.

இந்த வேறுபாட்டின் உச்சம் காப்பி. யாழ்ப்பாணத்தில் கொப்பியில் எழுதுவார்கள், கோப்பியைக் குடிப்பார்கள். ஒரு மாத்திரை வித்தியாசத்தில் நோட்டுப்புத்தகமும் பானமும் பிரிந்து நிற்கின்றன. நமக்கோ இரண்டும் காப்பி. காலையில் குடிப்பதும் காப்பி, பரீட்சையில் அடிப்பதும் காப்பி. பகரம் ஏன் இரட்டித்தது என்றால், கால்டுவெல் சொன்னபடி தனியாக விட்டால் அது குழைந்து காபி ராகம் ஆகிவிடும். பானத்தைக் காப்பாற்றவே ஒற்று காவலுக்கு நிற்கிறது. நாம் சொல்லைக் கெடுத்தோம் என்று யாரும் வழக்குப் போடவும் முடியாது. அரபியர் கஹ்வா என்றதைத் துருக்கியர் கஹ்வே ஆக்கி, டச்சுக்காரர் கொஃபி ஆக்கி, அதன் பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்த பழைய பண்டம் அது. (ஐம்பெருங்காப்பியம் என்பது ஐந்து பெரிய டம்ளர் என்ற கருதுகோளை இவ்வாய்வாளன் முதலில் முன்வைத்தான். மறுநாள் திரும்பப் பெற்றான்.)

எதிர்வாதம் ஒன்று மீதமிருக்கிறது: ஆங்கிலேயர் நம் சொற்களை எப்படி நடத்தினார்கள்? திருவல்லிக்கேணியை டிரிப்ளிக்கேன் என்றும் தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் சொன்னவர்கள், அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. மாறாக அகராதி போட்டார்கள். 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட அந்த அகராதிக்கு ஹாப்சன்-ஜாப்சன் என்று பெயர். முகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த முழக்கம் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த கோலம் அது. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களுக்குப் பட்டியல் வெளியிட்டது. சில நாள்களில் திரும்பப் பெற்றது. ஹகரத்தை விழுங்கி 'ஓல்டான்' என்று பஸ்ஸை நிறுத்தும் நம் கண்டக்டரைப் பொறுத்தவரை, கிழக்கு லண்டனின் காக்னிப் பேச்சுக்காரரும் அதே ஹகரத்தை அதே இடத்தில்தான் விழுங்குகிறார். அவருக்கு நாடகம் எழுதினார்கள். இவருக்குச் சில்லறை பாக்கி.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: டேசன் குற்றமற்றது, ஓட்டு செல்லும், பஸ்ஸு தொடர்ந்து ஓடலாம். பீஸ் பற்றிய வழக்கு மட்டும் தள்ளிவைக்கப்படுகிறது.

இக்கட்டுரையின் காப்பி வேண்டுவோர், குடிப்பதற்கு அல்ல என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு எழுதவும்.