வெண்ணெய் உருண்டையும் சுழி வேலையும்: மறைமலைநகர் வட்டார ஆய்வு

விசையையும், அவ்விசையின் திசையில் நேர்ந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வருவது வேலை. 1829இல் இந்த வரையறையை அச்சேற்றிய பிரெஞ்சு அறிஞர் கொரியோலி செங்கல்பட்டுப் பக்கம் வந்தவரல்லர். வந்திருந்தால், சுழி வேலைக்குச் சான்று தேடி அலைந்திருக்க வேண்டாம்.

முதற்சான்று மாமல்லபுரம். ஏறத்தாழ 250 டன் என மதிப்பிடப்படும் வெண்ணெய் உருண்டைப் பாறை, இதோ உருளப்போகிறேன் என்று மிரட்டியபடி சரிவில் நிற்கிறது. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி, ஆபத்தென்று கருதி ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கவைத்தார், கல் அசையவில்லை என்பது வழிவழிச் செய்தி. விசை பெரிது, நகர்ந்த தொலைவு சுழி. ஆகவே கல்லின்மீது ஏழு யானைகளும் சேர்ந்து செய்த வேலை 0 ஜூல். "கயிறாவது சற்று நீண்டிருக்குமே" என்பார் உளர். நீண்டிருந்தால் அதைக் கயிற்றின் கணக்கில் எழுதலாம், கல்லின் கணக்கில் எழுத முடியாது. பாகர்களுக்கு எந்தக் கணக்கில் கூலி கொடுத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. கல்லைப் பிடித்து நிறுத்தும் உராய்வும் இதே கட்சிதான்: நூற்றாண்டுக் கணக்கில் விடுப்பில்லாத விசை, வேலையோ இல்லை. அதே சரிவில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஈர்ப்பு, உராய்வு இரண்டுமே வேலை செய்கின்றன. கால்சட்டைகளின் பின்புறமே ஆவணம்.

இரண்டாம் வகை நுட்பமானது. மறைமலைநகரில் காலை மின்சார ரயிலேறி, உட்கார இடமின்றி, 5 கிலோ பையைத் தோளில் மாட்டித் தாம்பரம்வரை நிற்பவரைக் கொள்வோம். தோள் பையை மேல்நோக்கித் தாங்குகிறது. பை வடக்கே போகிறது. இடைக்கோணம் 90 பாகை. அதன் கொசைன் (தனித்தமிழ் அடிகளின் பெயர் கொண்ட ஊரில் இச்சொல்லைப் பொறுத்தருள்க) சுழி. தாங்கியதற்கு வேலைக்கணக்கில் ஒன்றும் வராது. வண்டி வேகமெடுக்கையில் தோள் பையை முன்னே இழுக்கும், அது நேர்வேலை. கூடுவாஞ்சேரியில் நிற்கையில் எதிர்வேலை, கடன் தீர்ந்தது. தாம்பரத்து நடைமேம்பாலம் 6 மீட்டர் உயரமென்று வைத்தால், ஏறும்போது பைக்காக 294 ஜூல். ஓர் இட்லியின் ஆற்றலில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது! மறுபுறம் இறங்கியதும் ஈர்ப்புவிசையின் கணக்கு மறுபடி சுழி.

பின் தோள் ஏன் வலிக்கிறது? தசையிழைகள் ஒருமுறை இறுகி அப்படியே நிற்பவையல்ல. இறுகி, தளர்ந்து, மீண்டும் இறுகி, வெளியே எதுவும் நகராமலே உள்ளே ஆற்றலைச் செலவழித்து வெப்பமாக்குகின்றன. அதே பையைச் சாமான் தட்டு வியர்க்காமல் தாங்கும்.

விசையே இல்லாதது மூன்றாம் வகை. இதற்கு மீண்டும் மாமல்லபுரம் போகவேண்டும். சுற்றுலா வருவோர் பாறையைத் தாங்குவதுபோலக் கையை உயர்த்திப் படமெடுப்பர். தொட்டு நிற்பவர் கணக்கில் விசையாவது உண்டு. பத்தடி தள்ளி நின்று, படமெடுப்பவர் "இன்னும் கொஞ்சம் கீழே, கையை இடப்பக்கம்" என்று சொல்லச் சொல்ல முகத்தைச் சுளித்து மூச்சைப் பிடிப்பவருக்கு விசையும் இல்லை, இடப்பெயர்ச்சியும் இல்லை. படத்தில் மெய்யாகவே தாங்குவதுபோல வருவது இவர்களுக்குத்தான்.