தலைநகர் சொல்லு பாப்பம்

போன சனிக்கிழமை ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழா. வயிறு இன்னும் எரிகிறது. கொத்துரொட்டியால் அல்ல.

"தம்பி, மகள் ஏ லெவல் என்ன செய்யிறா?"

"ஜியோகிரபி, எக்கனொமிக்ஸ், பயோ."

அண்ணை முதலாவதிலேயே நின்றுவிட்டார். "ஜியோகிரபியோ? ஏன், மார்க்ஸ் காணாதோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பக்கம் திரும்பினார். "அப்ப சொல்லு பாப்பம் பிள்ளை, கசகஸ்தானின்ரை தலைநகர் என்ன?"

"அஸ்தானா."

"பிழை! அல்மாட்டி!"

1997இல் தலைநகர் அல்மாட்டியை விட்டு வடக்கே வேறொரு ஊருக்குப் போனது. அடுத்த வருடம் அந்த ஊருக்கு அஸ்தானா என்று பெயர் வைத்தார்கள், 2019இல் நூர்சுல்தான் என்றார்கள், 2022இல் மறுபடி அஸ்தானா. இத்தனை கூத்து நடந்தும் அண்ணைக்கு ஒரு சேதியும் போகவில்லை. அடுத்து பர்மா. அவருக்கு அது இன்னும் பர்மாதான், தலைநகரும் ரங்கூன்தான். நேப்பிடோ என்றதற்கு, "அது ஆரோ கிரிக்கெட் விளையாடுற பெடியன்ரை பேர் மாதிரிக் கிடக்கு" என்றார். அவுஸ்திரேலியாவுக்கு சிட்னி. கான்பெரா என்று அவள் முணுமுணுத்தது கேக் வெட்டும் பாட்டில் அமுங்கிப்போனது. "சரி, எங்கடை நாட்டையாவது சொல்லு." "ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே." "கொழும்பு! பாத்தியளே தம்பி, சொந்த நாடே தெரியேல்லை!" அண்ணை கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய அன்றைக்கே உலகப்படம் அச்சடித்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தலைநகரை மாற்றுகிறவர்கள் அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். மெடிசின் படிக்கிற பிள்ளையிடம் "முழங்கால் எங்கை கிடக்கு, தொட்டுக் காட்டு பாப்பம்" என்று யாராவது கேட்கிறீர்களா?

ஏ லெவலில் தலைநகரே கிடையாது. நாலு நாளாவது வெளியே போய்க் களவேலை செய்தாக வேண்டும். தானே ஒரு ஆய்வு எழுத வேண்டும், மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். என் மகள் எசெக்ஸ் கரையில் குளிர்காற்றில் நின்று, கடலுக்குள் நீளும் மரத்தடுப்புகளின் இரண்டு பக்கமும் மணல் எவ்வளவு உயரம் என்று அளந்து வந்தாள். அவளுடைய சப்பாத்து மணல் இன்னும் என் காருக்குள்தான்.

சரி, இதைப் படித்து எங்கே போகலாம்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் முயல்கிறேன். இளவரசர் வில்லியம் படித்தது ஜியோகிரபி, சென் அன்ட்றூஸில், 2005இல் பட்டம். "அவருக்கு வேலை பிறக்கேக்கையே கிடைச்சிட்டுது" என்றார் அண்ணை. தெரேசா மே ஒக்ஸ்ஃபோர்டில் ஜியோகிரபி. "அதுதான் பிரெக்சிற்றுக்குள்ளை வழி தெரியாமல் நிண்டவா." இதற்குப் பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வெள்ள அபாயம் கணிப்பது, நகரத் திட்டமிடல், காப்புறுதிக் கம்பனி, வரைபடத் துறை என்று அடுக்கினேன். அண்ணை பற்றீஸ் கடித்துக்கொண்டிருந்தார். இதே அண்ணைதான் வீடு வாங்கும்போது, கிராமர் ஸ்கூல் எல்லை எந்தத் தெருவோடு முடிகிறது, ரியூப்புக்கு எத்தனை நிமிட நடை, வாசல் கிழக்கா என்று இரண்டு வருடம் லண்டனையே அளந்தவர். அந்த அறிவுக்கு என்ன பெயராம்?

கடைசி ஆயுதமாக ஜோன் ஸ்னோவை எடுத்தேன். 1854இல் சோஹோவில் கொலரா. செத்தவர்கள் எந்தெந்த வீடு என்று தேடி, ப்ரோட் தெருப் பம்புத் தண்ணீரில்தான் வினை என்று காட்டினார். அவர் கீறிய வரைபடம் இன்றைக்கும் ஜியோகிரபி வகுப்புகளில் இருக்கிறது.

அண்ணை பற்றீஸைக் கீழே வைத்தார். "ஆள் என்ன வேலை?"

"டொக்டர்."

"அதைச் சொல்லுமன் முதல்லை! பிள்ளை பயோ செய்யிறாதானே? அந்த எக்கனொமிக்ஸை விட்டிட்டு கெமிஸ்ரி எடுக்கச் சொல்லும். இப்பவும் பிந்தேல்லை."